மேல்குடிலில் நான் அடித்த மணி

1

கண்டிக்காரர்களுக்கு மலை ஏறுவது என்றால் கடைக்குப் போய் வருவது. அம்பிட்டியவில் எங்கள் வீட்டில் சீனி முடிந்தால் நூற்றுப் பன்னிரண்டு படி இறங்க வேண்டும், சீனியோடு நூற்றுப் பன்னிரண்டு படி ஏற வேண்டும். பாதிப் படியில் நினைவு வரும், தேயிலையும் இல்லையே என்று. மறுபடி இறங்குவோம். இரப்பர் செருப்போடு, ஒரு கையில் குடை, மறு கையில் பை. அதற்கு ஒருவரும் எங்களைப் பாராட்டியதில்லை.

இங்கே சுவிஸில் அதே வேலைக்கு என்ன ஆயத்தம் தெரியுமா? காலுக்குத் தனிச் சப்பாத்து. இரண்டு கைத்தடி. வெயிலுக்குத் தொப்பி, காற்றுக்கு ஒரு சட்டை, மழைக்கு ஒரு சட்டை, மூக்குக்குத் தடவ வெள்ளைக் களிம்பு. சனி, ஞாயிறு வந்தால் ஊரே யுத்தத்துக்குப் புறப்படுவது மாதிரிப் புறப்படும். எங்கே என்றால், சும்மா மேலே போய்விட்டு வர! சீனி வாங்கக்கூட இல்லை! இருபத்திரண்டு வருடமாக நான் இதைச் சமையலறை ஜன்னலால் பார்த்து வாய்விட்டுச் சிரித்தவள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வேடத்தை நானும் போட்டேன். எங்கள் ஊருக்கு மேலே இருக்கிற மூன்று பழைய மலைக்குடில்களை ஒரே நாளில் நடந்து பார்த்தேன். மூன்றாவது குடிலில் நான் செய்த காரியத்தால், இன்றைக்குப் பாண்கடைப் பெண்ணிலிருந்து தபால்காரர் வரை என்னைக் கண்டவுடன் காற்றில் கயிறு இழுத்துக் காட்டுகிறார்கள். இந்தக் கதை தொலைபேசி வழியாகக் கட்டுகஸ்தோட்டையில் இருக்கிற என் சொந்தக்காரர்களிடம் கைகால் முளைத்துப் போய்ச் சேருவதற்கு முன்னால், நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன்.

2

நான் ஏன் ஏறினேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஆசைப்பட்டு ஏறவில்லை. எனக்குப் பிரஜாவுரிமை வேண்டியிருந்தது.

இந்தச் சின்ன ஊரின் முதியோர் இல்லத்தில் நான் சமையற்காரி. முப்பத்தாறு பேருக்கு மூன்று வேளை. யாருக்கு உப்புக் குறைய, யாருக்குப் பல் இல்லை, யார் கரட் கிழங்கைக் கண்டால் முகத்தைத் திருப்புவார், எல்லாம் எனக்கு மனப்பாடம். போன மாரிக் குளிரில் ஊர்ச்சபைத் தலைவர் ஒரு யோசனை கொண்டுவந்தார். எங்கள் குசினியை மூடிவிடலாம், கீழே நகரத்தில் ஒரே இடத்தில் சமைத்து, பிளாஸ்டிக் ஒட்டிய தட்டுகளில் வான் வண்டியில் அனுப்பலாம் என்று.

அதை முடிவு செய்வது ஊர்க் கூட்டம். இங்கே அதற்கு வாக்குப்பெட்டி கிடையாது. பிரஜைகள் எல்லோரும் மண்டபத்தில் கூடிக் கை தூக்குவார்கள், கையை எண்ணுவார்கள். பிரஜை அல்லாதவர்கள் வரலாம், கேட்கலாம். ஆனால் எண்ணும்போது பிழை வரக்கூடாது என்று எங்களுக்குச் சுவரோரமாகத் தனிக் கதிரை போட்டிருப்பார்கள். என் புருஷனும் மகளும் எனக்கு முன்னாலேயே பிரஜைகள் ஆகிவிட்டார்கள். அந்த நேரம் நான் ஜெர்மன் பரீட்சையில் சித்தியடையவில்லை. ஆகவே அவர்கள் இரண்டு பேரும் நடுவில், நான் ஓரத்தில். குசினி விஷயம் வந்தபோது மண்டபம் முழுக்கக் கை எழும்பியது, இறங்கியது. அந்தக் குசினியில் ஒரு நாளும் கால் வைக்காதவர்களுக்கெல்லாம் கை இருந்தது. எனக்கு இல்லை. என் கை தன்பாட்டில் எழும்பிவிடுமோ என்று பயந்து அதைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். கடைசியில் முடிவை அடுத்த வருடக் கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்னாலேயே விண்ணப்பப் படிவத்தைத் தேடினேன்.

படிவம் என்றால் படிவமா அது! பதினெட்டுப் பக்கம். அம்பிட்டியவில் பிறந்ததற்கு அத்தாட்சி, அந்த அத்தாட்சி உண்மை என்பதற்கு அத்தாட்சி, அதை மொழிபெயர்த்தவர் மொழிபெயர்க்கத் தகுந்தவர் என்பதற்கு அத்தாட்சி. எல்லாம் கொடுத்து முடிந்ததும் நேர்முகப் பரீட்சை. மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். நடுவில் தலைவர், அதே ஊர்ச்சபைத் தலைவர்தான். அவருக்குப் பனி விழுந்த கூரை மாதிரி இரண்டு பெரிய வெள்ளைப் புருவம். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே புருவம்.

நாட்டைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். ஏழு மந்திரிகளின் பெயரையும் ஒரே மூச்சில் ஒப்புவித்தேன். பிறகு புருவம் கேட்டார்: “நம் ஊருக்கு மேலே உள்ள குடில்கள் எவை? நீங்கள் எதற்குப் போயிருக்கிறீர்கள்?”

“ஒன்றுக்கும் போனதில்லை. ஜன்னலில் இருந்து மலை தெரியும். நல்ல மலை,” என்றேன்.

ஆறு வாரத்தில் கடிதம் வந்தது. உள்ளூர் வாழ்வோடு போதிய பழக்கம் இல்லையாம். மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை வரலாமாம்.

என் புருஷன் யாழ்ப்பாணத்துக்காரர். கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டுச் சொன்னார்: “இருவத்திரண்டு வருசமா உந்த மலையை ஜன்னலுக்காலயே பாத்துக்கொண்டு இருந்தீர். ஒருக்கா ஏறிப் பாத்தாத்தான் என்ன?”

“நீங்க ஏறுனீங்களா?”

“எனக்கு முழங்கால்.”

அந்த முழங்கால் மேலே பார்த்தால் மட்டும்தான் வலிக்கும். சீட்டு விளையாடக் கீழே போகும்போது ஒரு குறையும் இல்லை.

3

என்னைக் கூட்டிப் போனது மகள் நிலானி. பத்தொன்பது வயது. நகரத்தில் தங்கி மருத்துவத் தாதி வேலை படிக்கிறாள். கிழமைக் கடைசியில் ஒரு பை அழுக்குத் துணியோடு வருவாள், ஒரு பை சாப்பாட்டோடு போவாள். நான் தொலைபேசியில் மூன்று நிமிடம் தமிழில் பேசி அனுப்பினால், அவள் மூன்று வினாடி ஜெர்மனில் பதில் அனுப்புவாள். அவளிடம் தமிழ் இருக்கிறது, ஆனால் விருந்தாளிக்கு எடுக்கிற கோப்பை மாதிரி அலுமாரிக்கு மேல்தட்டில் இருக்கிறது. இறக்கினால் அதில் என் பேச்சும் வரும், அவள் அப்பாவின் பேச்சும் வரும்.

இரண்டாவது நேர்முகப் பரீட்சை வியாழக்கிழமை. அதற்கு முந்தின ஞாயிறு காலை அவள் வாசலில் நின்று சொன்னாள்: “அம்மா, வாங்க. மூணையும் இண்டைக்கே பாக்குறோம். பிறகு அவர் என்ன கேட்டாலும் உங்களுக்குத் தெரியும்.”

“மூணையுமா? ஒண்ணு போதாதா?”

“அவர் மற்ற ரெண்டையும் கேட்டா?”

நியாயம்தான். தேங்காய் ரொட்டி பன்னிரண்டு சுட்டு, கட்டைச் சம்பல் இடித்து, ஈயத்தாளில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன்.

குடில்களின் ஜெர்மன் பெயர்களை இங்கே எழுதினால் உங்களுக்குப் பல் சுளுக்கும். நான் வைத்த பெயர்களைச் சொல்கிறேன்: கல்குடில், நடுக்குடில், மேல்குடில். இந்த நாட்டு மலைகளில் அந்தக் காலத்திலிருந்தே இப்படிக் குடில்கள் உண்டு. மலை ஏறுகிறவர்கள் படுத்தெழும்பவும், பனியில் மாட்டினால் ஒதுங்கவும் கட்டினார்கள். இப்போதும் கோடையில் ஒருவர் இருந்து சூப்பு காய்ச்சுவார்.

பாதை தொடங்கிய இடத்திலேயே எனக்குச் சிரிப்பு வந்தது. மஞ்சள் பலகை! கல்குடில் ஒன்றரை மணி, நடுக்குடில் இரண்டே முக்கால் மணி, மேல்குடில் நாலரை மணி. ஒவ்வொரு வளைவிலும் இன்னொரு பலகை, இன்னும் இவ்வளவு, இன்னும் இவ்வளவு என்று. எங்கள் நாட்டில், உச்சியில் ஆதாமின் காலடி இருப்பதாகச் சொல்கிற சிவனொளிபாதமலையை நாங்கள் ஏறும்போது “இன்னும் எவ்வளவு தூரம்?” என்று வாய் திறக்கக்கூடாது. கேட்டால் மலை நீளும் என்பார்கள். என் அப்பா வருடா வருடம் அதற்குப் போவார். “நாம மாதா கோயிலுக்குப் போற வேதக்காரங்க, அங்க என்னா வேல?” என்று அம்மா கேட்டால், “ஆதாம் எனக்கும்தான் பாட்டன்” என்று சொல்லிவிட்டு மூட்டை கட்டுவார். எனக்குப் பதினான்கு வயதில் என்னையும் கூட்டிப் போனார். நான் பாதி வழியில் தூரம் கேட்டுவிட்டேன். கேட்ட உடனே மூன்று பேர் என் வாயைப் பொத்தினார்கள். இங்கே என்னடாவென்றால், அரசாங்கமே பலகை அடித்துச் சொல்லுகிறது!

இன்னொரு அதிசயம். மாடிக் கட்டடத்து லிஃப்டில் என்னோடு ஒன்பது வருடமாகப் போய் வந்து, ஒரு நாளும் தலையசைக்காத மனுஷி ஒருத்தி, கைத்தடியோடு எதிரே வந்தாள். என்னைக் கண்டு பல் அத்தனையும் தெரிய வணக்கம் சொன்னாள். மலையில் எதிர்ப்படுகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்ல வேண்டுமாம், அதுதான் முறையாம். எனக்குக் குஷி பிறந்துவிட்டது. பசு மாடு உட்பட எல்லோருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டே ஏறினேன்.

“அம்மா, பிளீஸ், மாட்டுக்கு வேணாம்.”

“பாவம்டி, அது என்னையவே பாக்குது.”

4

கல்குடில் நூறு வருடத்துக்கு மேற்பட்டது. இப்போது அதில் யாரும் தங்குவதில்லை, பார்வைக்கு மட்டும் வைத்திருக்கிறார்கள். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பு, சுவரோடு நீளப் பலகை, பலகை மேல் வைக்கோல். பன்னிரண்டு பேர் தோளோடு தோள் இடித்துப் படுத்தார்களாம். கதவில் விளக்கப் பலகை: அந்தக் காலத்து மனிதர்கள் பட்ட கஷ்டத்தை எண்ணிப் பாருங்கள் என்று.

முன்னர் பள்ளிக்கூடத்தோடு இதைத் தாண்டிப் போனபோதெல்லாம் உள்ளே நுழையாத நிலானி கண் விரியப் பார்த்தாள். “இதுக்குள்ள பன்னிரண்டு பேர்! எப்பிடி அம்மா?”

“இது பெரிய ரூம்டி. உங்க தாத்தா பொறந்த லயத்துக் காம்பிரா இதவிட ஒரு மொழம் சின்னது. அதுல எட்டுப் பேரு இருந்தாங்க. ஒரு ராத்திரிக்கு இல்ல, காலம் பூரா.”

“தாத்தா கண்டி டவுன் ஆள் இல்லையா?”

பாருங்கள், என் பிழைதான். இத்தனை வருடத்தில் நான் அவளுக்குச் சொன்னது கட்டுகஸ்தோட்டைத் துணிக்கடையில் மடிப்புக் கலையாத சட்டையோடு நின்ற தாத்தாவை மட்டும்தான். அவர் தேயிலைத் தோட்டத்தில், கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் பிறந்ததைச் சொல்லவில்லை. நான் எதை மறைக்க நினைத்தேனோ, தெரியவில்லை. கல்குடிலுக்கும் நடுக்குடிலுக்கும் இடையில் அவள் விடாமல் கேட்டாள், நான் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன்.

அப்பா பிறந்தது அந்த மண்ணில்தான், அவருடைய அப்பாவும் அங்கேதான். ஆனால் நாடு சுதந்திரம் அடைந்ததும் தோட்டத்துச் சனங்களை எந்த நாட்டுக்காரரும் இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். அப்பாவுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் பெயர் நாடற்றவர். அரசாங்க அலுவலகமான கண்டிக் கச்சேரிக்கு அவர் நடந்த நடைக்கு அளவே இல்லை. ஒரு கிளாக்கர் பிறப்புச் சான்று கேட்பார், இன்னொருவர் அவருடைய அப்பாவின் பிறப்புச் சான்று கேட்பார். லயத்தில் பிறந்த குழந்தைக்கு யார் சான்று எழுதிவைத்தார்கள்? ஒவ்வொரு முறையும் கச்சேரியில் இருந்து வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, “அடுத்த மாசம் வரச் சொன்னாங்க” என்று மட்டும் சொல்வார். நாற்பத்தேழு வயதில்தான் அவர் கையில் அந்தக் கடதாசி கிடைத்தது. பிறகு வந்த தேர்தலில் வாக்குப் போட்டுவிட்டு, மை பூசிய விரலை மட்டும் வாளிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நாலு நாள் குளித்தார். நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவரும்தான் சிரித்தார், ஆனால் விரலைத் தண்ணீரில் விடவில்லை.

நிலானி நின்றுவிட்டாள். “அதாலயா அம்மா நீங்க கடிதம் வந்த அண்டைக்கு அழுதனீங்க? நான் குசினிக்காக எண்டு நினைச்சன்.”

“குசினிக்கும்தான் அழுதேன். ரெண்டுக்கும் சேத்து அழுதா லாபம்தானே.”

அவள் என் முதுகுப் பையை வாங்கித் தன் பைக்கு மேலே போட்டுக்கொண்டாள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தோள்பட்டை எரிந்துகொண்டிருந்தது.

5

நடுக்குடில் மரத்தால் கட்டியது, சிவப்பு ஜன்னல் கதவுகள். உள்ளே போகும்போது சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள். எனக்கு அவர்களைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் இந்த நாட்டில் வாசலில் செருப்பைக் கழற்று என்று எனக்குச் சொன்ன முதல் பொது இடம்! கூடையில் இரப்பர் செருப்புகள், எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். நான் இடதுக்கு நீலமும் வலதுக்குப் பச்சையுமாகப் போட்டுக்கொண்டு ராணி மாதிரி நடந்தேன்.

வருகிறவர்களுக்குப் பெரிய பானையில் இனிப்புத் தேத்தண்ணீர் வைத்திருந்தார்கள். சிவப்பாக, பழ வாசத்தோடு இருந்தது. தேயிலைத் தோட்டத்துக்காரன் பேத்தி நான், இதைத் தேத்தண்ணீர் என்று சொல்ல என் வாய் வராது. ஆனாலும் மூன்று கோப்பை குடித்தேன்.

வெளியே போகும்போது ஒரு தடித்த புத்தகத்தில் எழுத வேண்டும்: பெயர், எங்கிருந்து வருகிறீர், எங்கே போகிறீர். ஆள் காணாமல் போனால் எந்தப் பக்கம் தேடுவது என்று அறியத்தான். ‘எங்கிருந்து’ என்ற கட்டத்தில் நிலானி எங்கள் சின்ன ஊரின் பெயரை எழுதினாள். நான் பேனையை வாங்கி, சற்று யோசித்து, அம்பிட்டிய என்று எழுதினேன்.

“அம்மா! காணாம போனா அங்க போய்த் தேடுவாங்க.”

“தேடட்டுமே. அங்க போனா என்னையத் தெரிஞ்சவங்க நாலு பேராவது இருப்பாங்க.”

அவள் சிரித்துச் சிரித்து, என் ஊருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு இங்கத்தைய முகவரியையும் எழுதிவைத்தாள்.

6

நடுக்குடிலில் இருந்து மேல்குடில் ஒன்றே முக்கால் மணி என்று பலகை சொன்னது. பலகை பொய் சொல்லவில்லை, ஆனால் அந்தப் பலகையை எழுதியவருக்கு ஐம்பத்து மூன்று வயதும் என் இடுப்பும் இருந்திருக்காது. கல் மேல் கல், அதற்கு மேல் கல். புல் முடிந்தது, மரம் முன்னமே முடிந்திருந்தது. ஆடி மாதத்தில் பாதையோரம் அழுக்குப் பனி கிடந்தது. இரண்டு இடத்தில் நான் நாலு காலில் ஏறினேன். மாதாவே, மாதாவே என்று ஒவ்வொரு கல்லுக்கும் ஒன்று சொன்னேன். தூரம் மட்டும் கேட்கவில்லை, பழக்கதோஷம்.

கடைசி வளைவு திரும்பியதும் மேல்குடில் வானத்தில் ஒட்டிவைத்த மாதிரி நின்றது. சாம்பல் கல், சிவப்புக் கொடி, சுற்றிவர வெள்ளை மலைகள். ஐயோ, என்ன சந்தோஷம் வந்தது தெரியுமா! கத்த வேண்டும்போல், ஓட வேண்டும்போல், யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருந்தது. கண்ணில் நீர் வந்தது, வாய் சிரித்தது, இரண்டும் ஒரே நேரத்தில்.

அப்போதுதான் கண்டேன். குடில் வாசலில் ஒரு கம்பம், கம்பத்தில் பளபளவென்று ஒரு பித்தளை மணி, மணியில் கயிறு.

சிவனொளிபாதமலை ஏறியவர்களுக்கு விளங்கும். உச்சியில் மணி இருக்கும். எத்தனையாவது தடவை ஏறினாயோ அத்தனை தரம் அடிக்க வேண்டும். என் அப்பா அன்றைக்கு ஒன்பது அடித்தார், நான் ஒன்று அடித்தேன். மலை உச்சியில் மணி என்றால் வேறு எதற்கு இருக்கும்? நான் யோசிக்கவே இல்லை. தொப்பியைக் கழற்றினேன், சிலுவை போட்டேன், கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, முதல் தடவை வந்தவள் என்ற முறையில், ஒன்றே ஒன்று, ஆனால் ஆசை தீர அடித்தேன்.

டாங்!

எதிர் மலை அதைத் திருப்பிச் சொன்னது. பக்கத்து மலை அதையும் திருப்பிச் சொன்னது.

“அம்மாஆ!” என்று பின்னால் நிலானி அலறினாள்.

குடில் கதவு படாரென்று திறந்தது. குடிலை நடத்துகிற நெட்டையான பெண்மணி கை நிறைய மாவோடு, தோளில் சிவப்பு மருந்துப் பையோடு பாய்ந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்த பத்துப் பேர், சிலர் கரண்டியோடு. கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். மூன்று மொழியில் எழுதியிருந்தது. மூடுபனியில் யாராவது வழி தவறினால், அல்லது உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் அடிக்க வேண்டிய மணி அது. அந்தச் சத்தம் கேட்டால் மலையில் யார் எங்கே நின்றாலும் உதவிக்கு ஓடிவர வேண்டும். அது நூறு வருட வழக்கம்.

ஓடித்தான் வந்தார்கள். பனிப்பாறைப் பக்கம் போயிருந்த இரண்டு கிழவர்கள் கல்லும் மண்ணும் சரியச் சரிய இறங்கி வந்தார்கள். முதலாமவர் முகம் பீட்ரூட் நிறம். தொப்பி எங்கேயோ விழுந்துவிட்டது. வெள்ளைப் புருவத்தில் இருந்து வேர்வை சொட்டியது.

புருவம்!

அவர் முழங்காலில் கை ஊன்றி மூச்சு வாங்கினார். “யார்? யார் தொலைந்தது?”

எனக்குப் படித்த ஜெர்மன் எல்லாம் பறந்துவிட்டது. மிஞ்சியதைப் பொறுக்கிச் சொன்னேன்: “ஒருவரும் தொலையவில்லை. நான் வந்து சேர்ந்தேன். அதற்குத்தான் அடித்தேன்.”

நிலானி காது நுனிவரை சிவந்து, எங்கள் நாட்டு மலையையும் உச்சி மணியையும் எத்தனை தடவைக்கு எத்தனை அடி என்ற கணக்கையும் வேகவேகமாக விளக்கினாள். புருவம் கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துகொண்டார்.

“வியாழக்கிழமை,” என்றார்.

“ஆமாம். வியாழக்கிழமை.”

“ம்,” என்றுவிட்டு உள்ளே போனார்.

நெட்டைப் பெண்மணி மாவுக் கையை இடுப்பில் ஊன்றினாள். காரணமில்லாமல் மணி அடித்தவர் அன்றைய மதியப் பாத்திரம் முழுவதும் கழுவ வேண்டும். அதுவும் அந்தக் குடிலின் வழக்கமாம். அடியாத்தி, எனக்கு இதைவிடப் பெரிய தண்டனை கொடுக்கத் தெரியவில்லையா இவர்களுக்கு! பாத்திரம் என் தொழில். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு குசினிக்குள் போனேன். பனி உருகி வந்த தண்ணீர், விரல் விறைத்தது. நிலானி துணியோடு பக்கத்தில் நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

“பாஸ்போர்ட் போச்சு, அம்மா.”

“போச்சுதான். நீ கோப்பையத் தொடச்சு வை.”

“அவர் ஓடி வந்ததப் பாத்தீங்களா? தொப்பி...” அவளால் முடிக்க முடியவில்லை. தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று திரும்பினால், துணியை வாயில் அடைத்துக்கொண்டு சிரிக்கிறாள். எனக்கும் பற்றிக்கொண்டது. இரண்டு பேரும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வெளியே கேட்கக்கூடாதே என்று அடக்கி அடக்கிச் சிரித்தோம். வயிறு நொந்தது. அவளோடு இப்படிச் சிரித்து எத்தனை வருடம்!

“அம்மா, நான் பள்ளிக்கூடத்தோட நாலு தரம் வந்திருக்கன். அப்ப எனக்கு நாலு அடி பாக்கி.”

“மணிப் பக்கம் போன, கால ஒடிச்சிருவேன்!”

அவள் மணிப் பக்கம் போகவில்லை. கரண்டியை எடுத்துச் சூப்புப் பானை மூடியில் அடித்தாள். டிங், டிங், டிங், டிங்.

“இப்போது யார்?” என்று வெளியே நெட்டைப் பெண்மணி கத்தினாள்.

நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். அப்போது சாப்பாட்டு அறையில் இருந்து ஒரு சத்தம். கண்ணாடிக் குவளையில் கரண்டி. டிங். டிங். டிங். நிற்கவில்லை, ஒரே சீராகப் போனது. பத்து, இருபது, முப்பது. நிலானி கதவிடுக்கால் எட்டிப் பார்த்துவிட்டு என் கையைக் கிள்ளினாள். நானும் பார்த்தேன். புருவம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, முகத்தில் ஒரு சுருக்கம் அசையாமல், தன் குவளையைத் தட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தொன்றுவரை எண்ணினோம். அதற்குமேல் சிரிப்பில் கணக்குத் தவறிவிட்டது.

7

வியாழக்கிழமை அதே மேசை, அதே ஐந்து பேர். புருவம் கழுத்துப்பட்டி கட்டி, கடதாசிக் கட்டுக்குப் பின்னால் முன்னைப் போலவே இறுகி இருந்தார். என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. குவளை தட்டிய மனிதர் வேறு யாரோ என்று நினைக்க வேண்டியிருந்தது.

“ஊருக்கு மேலே உள்ள குடில்கள்?” என்று கேட்டார்.

சொன்னேன். மூன்று பெயரையும் பல் சுளுக்காமல் சொன்னேன். எது எதனால் கட்டியது, எதிலிருந்து எதற்கு எத்தனை மணி, எங்கே கம்பியைப் பிடித்து ஏற வேண்டும், எல்லாம். “மேல்குடிலில் ஒரு மணி இருக்கிறது,” என்றும் சொன்னேன். ஓரத்தில் இருந்த ஒருவர் இருமுவது மாதிரிக் கையை வாயில் வைத்துக்கொண்டார்.

புருவம் கடதாசிகளை அடுக்கினார். “கடைசிக் கேள்வி. பிரஜாவுரிமை கிடைத்தால் நீங்கள் முதலில் செய்யப்போவது என்ன?”

இதற்கு நிலானி எனக்குப் பதில் எழுதித் தந்திருந்தாள். ஊரின் பொது வாழ்வில் பங்கெடுத்து, இந்த நாட்டின் விழுமியங்களை மதித்து, என்று நாலு வரி. பாடமாக்கியிருந்தேன். வாய் திறந்தபோது அந்த நாலு வரியில் ஒரு சொல் வரவில்லை. சுவரோரக் கதிரைதான் நினைவுக்கு வந்தது.

“ஊர்க் கூட்டத்துக்கு வருவேன்,” என்றேன். “முதியோர் இல்லத்துக் குசினி விஷயத்தில் உங்களுக்கு எதிராகக் கை தூக்குவேன்.”

எழுதிக்கொண்டிருந்த பெண்ணின் பேனை நின்றது.

“எனக்கு எதிராக,” என்றார் புருவம்.

“ஆமாம். உங்கள் யோசனை பிழை. அந்த முப்பத்தாறு பேருக்கும் பிளாஸ்டிக்கை உரிக்கவே விரல் வராது.”

“இதைக் குறிப்பில் எழுதலாமா?”

இவ்வளவு சொன்னபிறகு என்ன? “எழுதுங்கள்,” என்றேன். வெளியே காத்திருக்கச் சொன்னார்கள்.

நடையில் என் புருஷன் எழும்பி நின்றார். “என்னண்டு போச்சு?”

“கெடுத்துட்டேங்க.” நடந்ததைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். “உமக்கு உந்த வாய் இல்லாட்டி...” என்று தொடங்கினார், மிச்சத்தைச் சொல்லவில்லை. அடுத்த மாதம் வரச் சொன்னார்கள் என்று சட்டையை ஆணியில் மாட்டுகிற அப்பாவின் முதுகு கண்ணுக்குள் வந்தது.

கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. புருவம் தனியாக வந்தார். நேரே என் முன்னால் வந்து நின்றார்.

“குழு உங்களைப் பரிந்துரைக்கிறது. மேலிடத்துக் கையெழுத்துகள் வரச் சில மாதம் ஆகும், ஆனால் கூட்டத்துக்கு முன்னால் வந்துவிடும்,” என்றார். பிறகு புருவத்தை ஒரு தரம் ஏற்றி இறக்கினார். “அன்றைக்கு நடுவில் உட்காருங்கள். எனக்கு எதிரான கைகளை நான் சரியாக எண்ண வேண்டும்.”

கை குலுக்கிவிட்டுப் போய்விட்டார். நான் நன்றி சொன்னேனா என்றுகூட நினைவில்லை. நடை வெறுமையாக இருந்தது. நான் கைப்பையைப் புருஷனிடம் கொடுத்துவிட்டு, நடுவில் நின்று, வலது கையை மேலே தூக்கினேன். தோள்மூட்டு இழுக்கும்வரை, விரல் நுனிவரை நீட்டித் தூக்கினேன்.

“என்னப்பா, பஸ் மறிக்கிறீரோ?” என்றார் அவர்.

“இல்லங்க,” என்றேன். “பழகிப் பாக்குறேன்.”